பெருங்காய டப்பாவும் ஏழு வருடப் பொக்கிஷமும்

1

ஒன்பதே எழுத்துகள் கொண்ட ஒரு சீன வாசகத்தை நான் மிக மோசமாக வாசித்தேன். அதற்கான விலையைக் கொடுத்தது அப்பா. அதே வாசகத்தை இன்னொரு முறை, இந்தத் தடவை கொஞ்சம் ஒழுங்காக, வாசித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

வாசகம் இது: "யீ நியென் சா, சான் நியென் யாவ், ச்சீ நியென் பாவ்." ஒரு வருடம் தேநீர், மூன்று வருடம் மருந்து, ஏழு வருடம் பொக்கிஷம். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் உள்ள ஃபூதிங் பகுதியின் வெள்ளைத் தேயிலையைப் பற்றிச் சொல்வது. கடைப் பலகையில் இருக்கும், டப்பா மூடியில் இருக்கும், விற்பவர் வாயிலும் இருக்கும். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு நம் வாயிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2019-இல் வேலை நிமித்தம் குவாங்சோ நகரத்தில் இருந்தேன். அங்கே ஃபாங்சுன் என்றொரு மொத்தத் தேயிலைச் சந்தை இருக்கிறது. சந்தை என்றால் கோயம்பேடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், காய்கறிக்குப் பதிலாகத் தெருத்தெருவாகத் தேயிலை. ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் அங்கே ஒரு கடையில் முக்கால் மணிநேரம் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மாள் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டே இருந்தார். வயதில் மூத்த பெண்களை அங்கே "ஆயீ" என்று கூப்பிடுவார்கள். எனக்கு அது வசதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஆபத்தாகவும் இருந்தது. ஆயீ என்று கூப்பிட்டுவிட்டு எப்படிப் பேரம் பேசுவது?

வெள்ளைக் காகிதத்தில் மடித்த ஒரு வட்டை எடுத்து முன்னால் வைத்தார். சாப்பாட்டுத் தட்டு அகலம், 350 கிராம். காகிதத்தின் நடுவே பெரிதாக 2012. அவர் ஏழு விரல்களை விரித்துக் காட்டினார். பிறகு அந்த ஒன்பது எழுத்துகளைச் சொன்னார். 2012-இலிருந்து 2019 சரியாக ஏழு வருடம். எனக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. கொடுத்த தொகையை அம்மாவிடம் இன்றுவரை பாதியாகக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

வேளச்சேரி வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "என்னடா இது, அவ்வளவு தூரம் போயி வரட்டிய வாங்கிட்டு வந்திருக்க?"

அந்த வட்டைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் சுருக்கமானதும் நேர்மையானதும் அதுதான். ஆனால் அப்போது எனக்குக் கோபம் வந்தது.

2

முதலில் வாசகத்தைப் பிரதியாக வைத்துப் பார்ப்போம்.

மூன்று துண்டுகள், துண்டுக்கு மூன்று எழுத்து. யாவ், பாவ் என்று பின்னிரண்டு துண்டுகளும் இயைபில் முடிகின்றன. சா மட்டும் தனியாக நிற்கிறது. காது முதல் துண்டைத் தாண்டி ஓடி, மருந்தையும் பொக்கிஷத்தையும் ஜோடியாகப் பிடித்துக்கொள்கிறது. தேநீர் வெறும் படிக்கட்டாகிவிடுகிறது.

ஒன்று, மூன்று, ஏழு என்ற எண்களையும் பாருங்கள். இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. தேநீர் மருந்தாக இரண்டு வருடம், மருந்து பொக்கிஷமாக நான்கு வருடம். கஷ்டப்பட்டுக் காத்திருந்ததற்குக் கூலி கிடைக்கும் என்ற நம்பிக்கையை அந்தக் கணக்கே கொடுத்துவிடுகிறது.

இந்த வாசகத்தில் எழுவாயும் இல்லை, பயனிலையும் இல்லை. எந்த இலை? யார் வைத்திருந்தது? எங்கே, எப்படி? ஒன்றும் கிடையாது. வேலை செய்வது வருடம் மட்டும்தான். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், காலம் பார்த்துக்கொள்ளும். இதைவிட இனிமையான வாக்குறுதியை யாராலும் தர முடியாது. மோசமான வாக்குறுதியையும் தர முடியாது.

அடுத்தது படிகளின் பொருள். தேநீரைக் குடிக்கலாம், மருந்தையும் குடிக்கலாம். பொக்கிஷத்தை யாரும் குடிப்பதில்லை, பூட்டி வைப்பார்கள், விற்பார்கள். ஆக, தேநீரைப் பற்றித் தொடங்கும் வாசகம் மூன்றாவது அடியில் தேநீரைக் கிண்ணத்திலிருந்தே வெளியேற்றிவிடுகிறது.

"பழமொழியப் போயி இப்படிப் போட்டுப் பிழியணுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். பழமொழி கொஞ்சம் மிகைப்படுத்தும், அது அதன் உரிமை. பழமொழி வீட்டுக்குள் இருக்கும்வரை அதைத் திருத்தவும் கேலி செய்யவும் ஆட்கள் இருப்பார்கள். "ஆமா, ஏழு வருஷம் வச்சுப் புழுத்துப் போச்சு" என்று ஒரு பாட்டியாவது சொல்லிவிடுவாள். அச்சாகி உறையில் ஏறிவிட்டால் பதில் சொல்ல யாருமில்லை. சமையலறையில் இருந்த ஒரு வாசகம் கடைக்குப் போகும்போது அதன் சொற்கள் மாறுவதில்லை, பேசுபவர் மாறிவிடுகிறார். நான் கவனிக்கத் தவறியது அதைத்தான்.

3

அலுவலகத்தில் என்னுடன் வேலை பார்த்த ஒரு தோழிக்குச் சொந்த ஊர் ஃபூதிங் பக்கம். ஊர் திரும்பிய பின் கொஞ்ச நாள் வீசாட்டில் பேசிக்கொண்டிருந்தோம். 2020 ஜூனில் இங்கே அதைத் தடை செய்த பிறகு மின்னஞ்சல்தான். ஒருநாள் வட்டின் உறையை முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பி, பெருமையாக "எப்படி?" என்று கேட்டேன்.

அவள் முன்பக்கத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. பின்பக்கத்தின் பொடி எழுத்துகளை வரிவரியாக மொழிபெயர்த்து அனுப்பினாள். மூலப்பொருளின் வருடம்: 2012. உற்பத்தித் தேதி என்று ரப்பர் முத்திரையில் குத்தியிருந்தது: 2018. கடைப்பிடித்த தர நிர்ணயம்: ஜிபி/டி 31751-2015. "இது அழுத்திய வெள்ளைத் தேயிலைக்கான தேசிய தர நிர்ணயத்தோட எண். கடைசியில இருக்கிற நாலு எண் அது வெளியான வருஷம்" என்று எழுதியிருந்தாள். கீழே ஒரு சிரிக்கும் பொம்மை.

தமிழில் பழைய நூல்களின் காலத்தைக் கணிக்க அகச்சான்று, புறச்சான்று என்று பார்ப்பார்கள் இல்லையா? நூலுக்குள்ளேயே பிற்காலத்து ஊர்ப்பெயரோ நாணயமோ வந்துவிட்டால், அந்தப் பகுதி இடைச்செருகலா என்று சந்தேகம் வரும். இந்த முறை எனக்குக் கல்லூரியிலிருந்து தெரியும். பிறர் எழுதிய நூல்களின் காலத்தைப் பற்றி இரவெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் கையில் இருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. 2015-இல் பிறந்த ஓர் எண்ணைச் சுமந்துகொண்டு 2012-இல் எந்த வட்டும் பிறந்திருக்க முடியாது.

யாரும் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். இலை 2012-இல் பறித்ததாக இருக்கலாம். உதிரியாக ஆறு வருடம் எங்கோ மூட்டையில் கிடந்து 2018-இல் வட்டாகியிருக்கலாம். அப்படிச் செய்வது அங்கே வழக்கம்தான், தவறும் இல்லை. புத்தகத்தில் பதிப்பு விவரப் பக்கம் இருக்கிறதே, அது மாதிரி. முன்னட்டையில் "1962-இன் மகத்தான நாவல்" என்று போடுவார்கள். உள்ளே திருப்பினால் எட்டாம் பதிப்பு, போன வருடம் அச்சடித்தது. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டில் நம்மால் சரிபார்க்கக்கூடியது ஒன்றுதான். முத்திரைத் தேதிக்கு ஒரு தொழிற்சாலை பொறுப்பு. பெரிய எழுத்து 2012-க்குப் பொறுப்பு யார்? அந்த ஆறு வருடமும் அந்த மூட்டை எந்த அறையில் இருந்தது? உறையில் அதற்கு இடம் விடப்படவில்லை. வாசகத்தில் எழுவாய் இல்லாத அதே இடத்தில்தான் உறையிலும் ஓட்டை.

உதிரியாகக் கிடக்கும் இலை ஒரு பண்டம். வட்டாக்கி, காகிதத்தில் மடித்து, தேதி போட்டுவிட்டால் அது ஆவணம். அடுக்கி வைக்கலாம், எண்ணலாம், கைமாற்றலாம். வட்டுக்கு இடம் கம்மி, அனுப்புவது சுலபம் என்ற காரணங்களும் உண்மையே. ஆனால் காலத்தை விற்க வேண்டுமென்றால் அதை ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு தேவை. வட்டின் உறை அந்தப் பரப்பு.

4

இந்த ஆவணத்துக்கு ஒரு வம்சாவளியும் உண்டு. விளம்பரங்களில் அடிக்கடி வருபவர் சோங் வம்சத்துப் பேரரசர் ஹுய்சோங். ஓவியர், கவிஞர், தேநீர் பைத்தியம். தாகுவான் ஆண்டுகளில், அதாவது 1107-க்கும் 1110-க்கும் இடையில், தேநீரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வெள்ளைத் தேயிலையைத் தனியாக எடுத்துப் பாராட்டியிருக்கிறார். போதாதா? "900 வருடப் பாரம்பரியம்" தயார்.

ஆனால் அவர் சொன்னது வேறு. எங்கோ அபூர்வமாக, தானாகவே வெளிறிய இலையோடு முளைக்கும் சில மரங்களைப் பற்றி எழுதினார். அந்த இலையை ஆவியில் வேகவைத்து, அரைத்து, அச்சில் அழுத்தி, பிறகு பொடியாக்கி நுரை பொங்கக் கடைந்து குடித்தார்கள். இன்றைய வெள்ளைத் தேயிலைக்கு வேகவைத்தல், வறுத்தல், உருட்டுதல் எதுவுமே கிடையாது. பறித்த இலையை வாடவிட்டு உலர்த்துவார்கள், அவ்வளவுதான். பெயர் ஒன்று, பொருள் வேறு. ஒரே பெயரில் இரண்டு புலவர்கள் இருந்தால் இருவரின் பாடல்களையும் ஒருவர் தலையில் கட்டுவோமே, அந்தக் கதை.

வட்டுக்கும் ஒரு முறிந்த வரலாறு இருக்கிறது. தாங், சோங் காலத்துத் தேநீர் பெரும்பாலும் அழுத்திய தேநீர்தான். மிங் வம்சத்தைத் தொடங்கிய ஹோங்வூ, ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். அரண்மனைக்குக் காணிக்கையாக வந்த வேலைப்பாடு மிகுந்த தேயிலை வட்டுகள் மக்களுக்குச் சுமை என்று 1391-இல் அவற்றை நிறுத்தி, உதிரி இலையே போதும் என்றார். ஃபூதிங் வெள்ளைத் தேயிலை தன் வாழ்நாளில் பெரும்பகுதியை உதிரியாகவே கழித்தது. அதை வட்டாக அழுத்திப் பரவலாக விற்பது இந்த நூற்றாண்டில் வந்த வழக்கம்.

வட்டு எங்கிருந்து வந்தது? யூனான் மாகாணத்தின் பூஅர் தேயிலையிடமிருந்து. 357 கிராம் வட்டு, ஏழு வட்டு ஒரு கட்டு, வருடம் ஏற ஏற விலை ஏறும் என்ற நம்பிக்கை, எல்லாமே அங்கே தயாராக இருந்தது. 2007-இல் பூஅர் விலை உச்சிக்குப் போய்ச் சரிந்தது. பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அந்த நம்பிக்கை மட்டும் சாகவில்லை. பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தது.

இதில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது இலையின் கதை. வெள்ளைத் தேயிலையில் மேல்தட்டு, வெறும் மொட்டு மட்டும் உள்ள "யின் ச்சென்", வெள்ளி ஊசி. அடுத்தது மொட்டோடு ஒன்றிரண்டு இலை சேர்ந்த "பாய் மூதான்". கடைசியில் முற்றிய இலையும் காம்பும் கலந்த "ஷோமெய்". ஷோமெய் என்றால் நீண்ட ஆயுளின் புருவம், கிழவரின் புருவ முடி போல வளைந்து கிடப்பதால். இது ஹாங்காங் உணவகங்களில் காலை நேரத்துக் கொழுக்கட்டைத் தட்டுகளோடு வரும் சாதாரணத் தேநீர். யாரும் அதைக் குனிந்து பார்த்து நெகிழ்ந்ததில்லை. இன்று வட்டாக அழுத்தப்படுவதில் பெரும்பங்கு இந்த ஷோமெய்தான். சாதா இலைக்கு வயதைக் கூட்டிப் பொக்கிஷமாக்கியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் ஏளனம் கிடையாது. முற்றிய இலை வைத்திருந்தால் நன்றாக மாறும் என்பது உண்மை, அடுத்து அதற்குத்தான் வருகிறேன். உறுத்துவது வேறு. ஷோமெய் நல்ல தேநீர் என்று சொல்ல அதன் சுவையே போதும். அதை நம்பாமல் பேரரசரையும் பழமொழியையும் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நமக்கு இது புதிதா என்ன? ஒரு விஷயம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல நாமும் முதலில் அதன் வயதைத்தானே சொல்கிறோம்? ஃபூதிங்கில் "தாய்மூ" என்றொரு மலை இருக்கிறது, மூதன்னையின் மலை. பெயரில் நம்முடைய "தாய்" இருப்பது தற்செயல்தான். வேர்ச்சொல் ஆய்வாளர்கள் யாரும் இதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மலையின் கதை எனக்குப் பிடிக்கும். மணல்வாரி கண்டு குழந்தைகள் சாகும் காலத்தில், மலையில் வாழ்ந்த ஒரு பெண் வெள்ளைத் தேயிலையைப் பறித்து உலர்த்தி ஊரூராகக் கொடுத்தாளாம். பிறகு அவள் தெய்வமானாள். தோழி சொன்ன அந்தக் கதையில் எத்தனை வருடத்து இலை என்ற பேச்சே இல்லை. கொடுத்தாள் என்பதுதான் இருக்கிறது.

5

சரி, வைத்திருந்தால் உண்மையிலேயே என்ன நடக்கிறது?

பச்சைத் தேயிலையைச் சூட்டில் வாட்டி, இலைக்குள் நடக்கும் மாற்றத்தை உடனே நிறுத்திவிடுவார்கள். வெள்ளைத் தேயிலையில் அந்தக் கடுஞ்சூடு இல்லாததால் மாற்றம் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். துவர்ப்பு கொடுக்கும் கேட்டச்சின்கள் வருடா வருடம் குறையும். புதுத் தேயிலைக்கு இனிப்பு கொடுக்கும் அமினோ அமிலங்களும் குறையும். இவ்விரண்டும் சேர்ந்து புதுச் சேர்மங்கள் உருவாகி, வயதோடு கூடுவதை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். சாறு வெளிர் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கும் பிறகு செம்பழுப்புக்கும் போகும். புல்வாசனை போய் வேறொரு வாசனை வரும். அதை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் பேரீச்சம்பழ வாசனை என்கிறார்கள். அது மொழிபெயர்ப்புக் கோளாறு. சீனர்கள் சொல்வது "ஸாவ்", அதாவது இலந்தை. நம்ம ஊர் இலந்தைக்குப் பங்காளி. அப்பா முதல் மடக்கிலேயே "எலந்தவட வாசம் வருதே" என்றார். அவர் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை.

ஆக, மாற்றம் பொய்யில்லை. ஆனால் அது தானாக நடப்பதில்லை. ஈரம் ஏறக்கூடாது. வெள்ளைத் தேயிலைக்கான சீனத் தர நிர்ணயம் ஈரப்பதத்துக்கு 8.5 விழுக்காடு என்று எல்லை போட்டிருக்கிறது. வெயில் படக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்தில் எந்த வாசனையும் இருக்கக்கூடாது. தேயிலை பஞ்சு மாதிரி, பக்கத்தில் இருப்பதை எல்லாம் உறிஞ்சும். வட்டாக்கும்போது ஆவி காட்டி, துணிப்பையில் இறுக்கி அழுத்தி, மறுபடி பொறுமையாக உலர்த்த வேண்டும். அந்த உலர்த்தலில் அவசரப்பட்டால் வட்டின் நடுப்பகுதி உள்ளேயே கெட்டுப்போகும். வெளியே தேதி மட்டும் அழகாக முதுமை அடைந்துகொண்டிருக்கும்.

அவசரக்காரர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. ஈரப்படுத்திக் குவித்து, சூடேற்றி, சில வாரங்களில் பத்து வருடத்து நிறத்தை வரவழைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வட்டு ஒரே சீராகக் கறுத்திருக்கும். உண்மையில் மூத்த இலைகள் ஒன்றுபோல் மூப்பதில்லை. காம்பு ஒரு நிறம், இலை ஒரு நிறம், மொட்டில் இன்னும் கொஞ்சம் வெள்ளி. ஒரே வீட்டில் பிறந்தவர்கள் ஒரே மாதிரியா நரைக்கிறோம்?

நான் என்ன செய்தேன்? வட்டைக் கொண்டுவந்து சமையலறைப் பரணில் வைத்தேன். மூன்றே மாதத்தில் அதற்குப் பக்கத்தில் அம்மா பெருங்காய டப்பாவை வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வைத்ததை நான் பார்த்தேன், "இருக்கட்டும், வருஷம் ஏறுதுல்ல" என்று விட்டுவிட்டேன். எழுவாய் இல்லாத வாசகத்தை நம்பியவன் வேறென்ன செய்வான்? காலம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பெருங்காயமும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பழைய பெருமையில் வாழ்பவர்களைப் "பெருங்காயம் வைத்த பாண்டம்" என்பார்கள். உள்ளே சரக்கு தீர்ந்துவிட்டது, வாசனை மட்டும் மிச்சம். என் பொக்கிஷம் அந்தப் பழமொழியை அட்சரசுத்தமாக நிறைவேற்றியது.

6

2021 நவம்பரில், மழைக்காலம். அப்பாவுக்குக் காய்ச்சல். கோவிட் இரண்டாம் அலை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மருத்துவமனை என்றாலே வீட்டில் எல்லோருக்கும் பயம். சோதனைக் குச்சியில் கோவிட் இல்லை என்று வந்ததும் எல்லோரும் நிம்மதியானோம். நான் பரணிலிருந்து வட்டை இறக்கினேன்.

மூன்று வருடம் மருந்து. இதற்கோ அந்தக் கணக்கில் ஒன்பது வருடம். ஓரத்தை ஊசியால் நெம்பி எடுத்து, கொதிக்கவிட்டு, காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு போட்டுக் கொடுத்தேன். அங்கே அப்படித்தான் கொதிக்க வைப்பார்கள். அப்பா குடித்துவிட்டு, "கஷாயம் மாதிரி நல்லாத்தான் இருக்கு. லேசா சாம்பார் வாசம் அடிக்குது" என்றார். இரண்டாம் நாளும் கொடுத்தேன். மூன்றாம் நாளும் கொடுத்தேன். "டாக்டர்கிட்ட போலாமாடா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார்கள். "கொஞ்சம் பொறும்மா, வேலை செய்யுது" என்றேன். வேர்த்திருந்தது, அதனால் சொன்னேன். நான்காம் நாள் காலை, குளியலறை வாசலில் அப்பா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

டெங்கு. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். தட்டணுக்கள் இறங்கி, பிறகு ஏறி, வீட்டுக்கு வந்தார். மருத்துவர் திட்டவில்லை. "ஏன் இவ்ளோ லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஒன்பது எழுத்துகளை அவரிடம் எப்படி விளக்குவது?

யார் மேல் பழி போடுவது என்று கொஞ்ச நாள் தேடினேன். கடைக்கார ஆயீயிடம் போகலாமென்றால், அவர் டெங்குவுக்குக் கொடு என்று சொல்லவில்லை. வாசகத்தின் மேல் போடலாமென்றால், அதற்கு ஆசிரியர் இல்லை. மீதி இருந்தது வாசகன். உருவகத்தை நேர்ப்பொருளாக எடுத்துக்கொள்வதைக் கேலி செய்து இரண்டு கட்டுரைகள் எழுதியவன் நான். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சுட்டபோது, அச்சடித்த ஓர் உருவகத்தை மருந்துச் சீட்டாக வாசித்தேன். ஆய்வகத்தில் ஒரு சேர்மத்தைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரு நோயாளியின் காய்ச்சலைத் தணிப்பதற்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. அதை "யாவ்" என்ற ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிட்டேன்.

தோழிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நீண்ட பதில் வந்தது. அவளுடைய பாட்டி வீட்டில் வட்டு என்பதே கிடையாதாம். மண் ஜாடி ஒன்று, அதில் உதிரி இலை. வருடா வருடம் கொஞ்சம் சேரும், கொஞ்சம் குறையும். அதனால் அதற்கு வயது சொல்லவே முடியாது. குழந்தைகளுக்குச் சூடு கண்டால் ஒரு பிடி எடுத்துக் கொதிக்க வைப்பாள். "அப்புறம் தாத்தா எங்களத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடுவார். ரெண்டும் நடக்கும். தேநீர் எதுக்குன்னா, வண்டி வர்ற வரைக்கும் பாட்டி கை சும்மா இருக்கக் கூடாது இல்லையா, அதுக்கு" என்று எழுதியிருந்தாள்.

வாசகத்துக்கு நான் படித்த உரைகளில் இதுதான் சிறந்தது. இதில் எழுவாய் இருக்கிறது. வைத்திருந்தவள் இருக்கிறாள், கொதிக்க வைத்தவள் இருக்கிறாள், வண்டி பிடிக்க ஓடியவர் இருக்கிறார். இத்தனை பேர் சுற்றி நிற்கும்போது "மருந்து" என்ற சொல் யாரையும் ஏமாற்றாது. இவர்களை எல்லாம் கழித்துவிட்டுச் சொல்லை மட்டும் 350 கிராம் வட்டின் மேல் ஒட்டியதுதான் சிக்கல்.

7

விமர்சனம் என்றால் கடைசியில் தீர்ப்பு சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

போன வருடம் அந்த வட்டின் நடுப்பகுதியைப் பிரித்தேன். பெருங்காயம் ஓரங்களில்தான் ஏறியிருந்தது. இறுக்கி அழுத்தியதால் உள்ளே அவ்வளவாகப் போகவில்லை. வட்டுக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய ஒரு நல்ல வார்த்தை இது. ஐந்து கிராம் எடுத்து, கொதிநீரில் இரண்டு முறை ஊற்றிக் குடித்துவிட்டு, மிச்சத்தை அடுப்பில் கொதிக்கவிட்டேன். முதல் கிண்ணத்தில் கொஞ்சம் காகித வாசனை, அடியில் வைக்கோல். கொதித்த பிறகு கெட்டியாகி, தொண்டையில் இனிப்பு தங்கியது. இலந்தை வந்தது. மூன்றாம் கொதிக்குப் பிறகு ஒன்றுமில்லை. நல்ல தேநீர். மிக நல்லது என்று சொல்ல மாட்டேன். 2012 என்ற எண்ணை மறைத்துவிட்டுக் கொடுத்தால் நான் கொடுத்த விலையில் கால்பங்குக்குச் சந்தோஷமாக வாங்குவேன். மீதி முக்கால் பங்கு, ஒரு எண்ணுக்கும் ஒரு இயைபுக்கும் நான் கொடுத்த காணிக்கை.

வாசகத்தைத் திருத்தி எழுதிப் பார்த்தேன். "நல்ல இலையை, ஒழுங்காக உலர்த்தி, ஈரமும் வெயிலும் பெருங்காயமும் அண்டாத இடத்தில், அக்கறையுள்ள ஒருவர் சில வருடம் வைத்திருந்தால், அது வேறொரு நல்ல தேநீராக மாற வாய்ப்பிருக்கிறது. காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போகவும்." எந்த டப்பா மூடியிலும் இது ஏறாது, தெரியும். இயைபும் வரவில்லை.

வட்டில் இன்னும் பாதி இருக்கிறது. இப்போது படுக்கையறை அலமாரியில், தனி டப்பாவில். உறையின் பின்பக்கத்தில், ரப்பர் முத்திரைக்குக் கீழே, பேனாவால் என் பங்குக்குச் சில வரிகள் எழுதியிருக்கிறேன்: வாங்கியது 2019, குவாங்சோ. பரணில் பெருங்காயத்தோடு இருந்தது இரண்டு வருடம். அப்பாவுக்குக் காய்ச்சல், நவம்பர் 2021. அடுத்து யார் கைக்குப் போனாலும், இதற்குப் பொறுப்பு யார் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

நேற்று மழை. அப்பா ஹாலில் இருந்து கேட்டார்: "அந்த வரட்டில இன்னும் மிச்சம் இருக்காடா?"

"இருக்குப்பா. உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா, குடிக்கத்தான்."

அடுப்பைப் பற்றவைத்தேன்.